அட்டை இல்லாத கம்பி

1

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஆண்டு விழாவுக்கு மலாக்காத் திடலில் கொடி ஏற்றினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நடந்தார்கள். என் மகள் மல்லிகாவும் சலவைச் சட்டையும் கையில் காகிதக் கொடியுமாக நடந்தாள். நான் வெயிலில் நின்று கை தட்டினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதும்விட்டேன். அதற்கு ஒன்பதாம் நாள் காலை எட்டரை மணிக்கு, மூன்று போலீஸ்காரர்கள் வந்து என் வீட்டைச் சோதனை போட்டார்கள்.

பத்தே நாளில் இரண்டையும் பார்த்தவன் என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். ஊரில் இருக்கும் உங்களுக்கு மலாயாக்காரன் என்றால் செண்டு பாட்டிலும் டார்ச் லைட்டும் கொண்டுவருகிறவன். அவன் வீட்டுக்குப் போலீஸ் வந்தது என்று கேள்விப்பட்டால், "என்னத்தைத் திருடினானாம்?" என்று கேட்கவும் நாலு பேர் இருப்பீர்கள். ஒன்றையும் திருடவில்லை. ஒரு முழம் கம்பியைப் பிடுங்கினேன், அவ்வளவுதான். பிடுங்கியதை மறைக்காமல் எழுதியும் வைத்தேன். வினை அந்த எழுத்தினால் வந்தது.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். ஊரில் தபால் தந்தி இலாகாவில் கம்பம் ஏறிக்கொண்டிருந்தேன். யுத்தம் முடிந்த கையோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன். பன்னிரண்டு வருஷமாக இந்த ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. கஜா பெராங்கில் வாடகை வீடு. நான், மனைவி பாக்கியம், இங்கேயே பிறந்த மல்லிகா, ஆக மூன்று பேர்.

சுற்றிலும் மலாக்காச் செட்டிகள். செட்டி என்றதும் வட்டிக்கடையை நினைக்காதீர்கள், அது வேறு. இவர்கள் போர்த்துக்கீசியனுக்கு முன்னாலேயே நம் கரையிலிருந்து வந்த வியாபாரிகளின் வம்சம். இங்கேயே பெண்ணெடுத்து, மலாய் கலந்த பேச்சே வீட்டுப் பேச்சாகி, மாரியம்மனிடம் அதிலேயே வேண்டிக்கொள்கிறவர்கள். அடுத்த வீட்டு ஆறுமுகம் பிள்ளைக்குத் தன் பெயரைத் தவிரத் தமிழில் அதிகம் தெரியாது. மல்லிகா அவர் பிள்ளைகளோடு வளர்ந்தவள். அவளுக்குக் கோபம் மலாயில்தான் வரும். "திட்டுறதையாவது தமிழ்ல திட்டு" என்று நான் திட்டுவேன். காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

2

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மேலே புரியும்.

ஊரில் உள்ள டெலிபோன் கம்பிகள் எல்லாம் மண்ணுக்கடியில் வந்து எங்கள் கட்டடத்தில் ஓர் இரும்புச் சட்டத்தில் ஏறும். சட்டத்தின் ஒரு பக்கம் வெளியிலிருந்து வரும் கம்பி. மறு பக்கம் எக்ஸ்சேஞ்சின் நம்பர்கள். இரண்டையும் இணைக்க இடையில் ஒரு மெல்லிய ஜோடிக் கம்பி போடுவோம். அதற்கு ஜம்பர் என்று பெயர். ஒவ்வொரு ஜம்பருக்கும் ஓர் அட்டை உண்டு. யார் கேட்டது, யார் உத்தரவு, எந்தத் தேதி, கட்டியது யார் என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும்.

அட்டை இல்லாமல் ஒரு கம்பி கிடந்தால் அதை நாங்கள் அநாதை என்போம். அநாதையைக் கண்டால் பிடுங்கிப் போட்டுவிட்டு, நாள் புத்தகத்தில் ஒரு வரி எழுதவேண்டும். இது விதி. பாவம் புண்ணியம் பார்த்து விட்டுவைத்தால் ஒரே மழைக்காலத்தில் சட்டம் காக்கைக்கூடு ஆகிவிடும். மளிகைக்கடைக்காரர் பேசுவது மாதா கோவில் பாதிரியாருக்குக் கேட்கும்.

இன்னொரு விதியும் உண்டு. அதை யாரும் அச்சடித்துத் தரவில்லை. கம்பியைச் சோதிக்க எங்களிடம் காதில் வைத்துக் கேட்கும் கருவி இருக்கிறது. எந்தக் கம்பியில் மாட்டினாலும் அதில் ஓடுகிற பேச்சு கேட்கும். தொனி வருகிறதா என்று பார்ப்போம். மனிதக் குரல் வந்தால் அந்த நொடியே எடுத்துவிடுவோம். பன்னிரண்டு வருஷத்தில் இந்த ஊரின் எத்தனையோ ரகசியங்கள் என் விரலுக்கு அடியில் ஓடியிருக்கின்றன. ஒன்றைக்கூட நான் நின்று கேட்டதில்லை. இதில் எனக்குக் கர்வம் உண்டு. இருக்கட்டுமே.

3

ஆகஸ்டு மாதம், கடைத்தெருவில் கொடித் தோரணம் கட்டிக்கொண்டிருந்த வாரம். காலையில் சட்டத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது புதிதாக ஒரு ஜம்பர் கண்ணில் பட்டது. ஒரு தொழிற்சங்க அலுவலகத்தின் நம்பரிலிருந்து கிளம்பி, யாருக்கும் கொடுக்காத ஒரு காலி ஜோடிக்குப் போயிருந்தது. அட்டைப் பெட்டியைப் புரட்டினேன். அட்டை இல்லை. பற்றவைத்திருந்த லட்சணத்தைப் பார்த்தால், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கூட அப்படிச் செய்யமாட்டார். ஈயம் மூக்கு ஒழுகின மாதிரி ஒழுகியிருந்தது. பிடுங்கிப் போட்டேன். நாள் புத்தகத்தில் நம்பரைக் குறித்து, "அட்டை இல்லை, அகற்றப்பட்டது" என்று எழுதிவிட்டு தேநீர் குடிக்கப் போனேன்.

அது என்ன கம்பி என்று அப்போது எனக்கு நிஜமாகவே தெரியாது. நாளைக்கு நூறு கம்பி பார்க்கிறவன். வாசலில் குப்பை கிடந்தால் பெருக்குகிற கை மாதிரி, கை தானாகப் போயிற்று.

மத்தியானம் எங்கள் மேலாள் பெனடிக்ட் ஓடி வந்தார். உஜோங் பாசிர் கடற்கரையில் குடியிருக்கும் போர்த்துக்கீசிய வம்சத்தவர். நல்ல மனிதர், கிறிஸ்துமஸுக்குக் கேக் அனுப்புகிறவர். எங்கள் பேச்சு பாதி ஆங்கிலத்திலும் பாதி மலாயிலுமாக நடக்கும்.

"ஐயோ மேன், அதைத் தொட்டாயா?"

"அட்டை இல்லை, மிஸ்டர் பெனடிக்ட்."

"அதற்கு அட்டை இருக்காது. அது அவர்களுடையது."

"எவர்களுடையது?"

அவர் மேலே கூரையைக் காட்டினார். கூரையில் மின்விசிறிதான் இருந்தது. ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. போலீஸ். காலி ஜோடி என்று நான் நினைத்தது எங்கோ ஓர் அறையில், ஒரு ஒலிப்பதிவு யந்திரத்தில் போய் முடிகிறது. சங்கத்துக்காரர்கள் சம்பள உயர்வுக்குப் பேசுவது, மனைவிக்குப் பேசுவது, மளிகைக்குப் பேசுவது எல்லாம் அந்த யந்திரத்தின் நாடாவில் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் காலை அதே இடத்தில் அதே கம்பி மறுபடி முளைத்திருந்தது. இந்த முறையும் ஈயம் ஒழுகியிருந்தது. நான் நேரே பெனடிக்டிடம் போனேன்.

"கம்பி இருக்கட்டும். எனக்கு ஓர் அட்டை வேண்டும். யார் உத்தரவு என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நானே ஒழுங்காகப் பற்றவைத்துத் தருகிறேன்."

"எழுதமாட்டார்கள்."

"அப்படியானால் அது அநாதை."

"கோவிந்த், உனக்குக் குடியுரிமை மனு நிலுவையில் இருக்கிறது. மறந்துவிட்டாயா?"

மறக்கவில்லை. போய்ப் பிடுங்கினேன். இரண்டாவது வரியையும் எழுதினேன். முதல் தடவை செய்தது பழக்கம், இரண்டாம் தடவை செய்தது திமிர். ஒப்புக்கொள்கிறேன். அந்தத் திமிரை நான் எங்கிருந்தும் கடன் வாங்கவில்லை. "இனி இது உங்கள் நாடு" என்று ஒலிபெருக்கி வைத்து இவர்கள்தானே சொன்னார்கள்? நான் நம்பிவிட்டேன்.

4

சுதந்திரம் வந்தபோது அரசியல் சட்டம் புத்தகமாக விற்பனைக்கு வந்தது. ஒரு பிரதி வாங்கி வைத்திருந்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானும் மல்லிகாவும் அதை எழுத்துக் கூட்டினோம். இரண்டாம் தடவை கம்பியைப் பிடுங்கிய அன்று சாயங்காலம் அதை எடுத்து, டெலிபோன் என்ற சொல் வருகிறதா என்று பக்கம் பக்கமாகப் பார்த்தேன். சரி, போகட்டும், வீட்டு வாசல் என்றாவது வருகிறதா என்று பார்த்தேன். என் கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை ஜாலான் துக்காங் எமாஸ் என்ற தெருவில் உள்ள பிள்ளையார் கோவிலில் சொக்கலிங்கத்தைப் பிடித்தேன். காரைக்குடிப் பக்கத்து மனிதர். குடும்பத் தொழிலை உதறிவிட்டு ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறார். அதனால் அவருக்குச் சொந்தக்காரர்களும் குறைவு, வாய்க்குப் பூட்டும் இல்லை. பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுகைக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் செருப்புக் கழற்றும் இடத்திலேயே நின்று பேசினோம்.

"அண்ணே, நீங்க சரியாத்தான் படிச்சிருக்கிய. வீடும் இல்ல, டெலிபோனும் இல்லைங்கறேன். நம்ம இந்தியாச் சட்டத்திலயும் அப்படித் தனியா இல்ல. அமெரிக்காக்காரன் மட்டும் எழுதிவச்சிருக்கான், காரணம் காட்டி வாரண்டு வாங்காம வீட்டையும் காயிதத்தையும் தொடக்கூடாதுன்னு. டெலிபோன் அவனுக்கும் தகராறுதான்."

"அப்ப நமக்கு என்னதான் இருக்கு?"

"'சட்டப்படி அன்றி'ன்னு இருக்குல்ல? எந்த நபரோட சுதந்திரத்தையும் சட்டப்படி அன்றிப் பறிக்கக்கூடாது. அதப் பிடிச்சுத்தான் தொங்கணும். சட்டம்னா எழுத்து. எழுத்து இல்லாம வந்தா எழுத்தைக் கேளுங்க. வீட்டுக்கே வந்தாங்கன்னா மறிக்காதிய, மறிச்சா அது ஒரு குத்தம். கூடவே நில்லுங்க. எடுத்த சாமானுக்குப் பட்டியல் கேளுங்க. கேட்டா குடுக்கணும்."

"எமர்ஜென்சி சட்டம்னு சொல்லுவானே?"

"சொல்லுவான். அப்பவும் கேளுங்கங்கறேன். கேக்குறதுக்குத் தடை இல்லியே."

எமர்ஜென்சி என்றால் அவசர நிலை. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருப்பவர்களைப் பிடிக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. அவர்களிடம் எனக்கு ஒரு பரிவும் கிடையாது. எங்கள் லைன்காரர் ஒருவர் எஸ்டேட் பக்கம் கம்பம் ஏறப்போய்த் துப்பாக்கிச் சூட்டில் மாட்டித் தப்பி வந்திருக்கிறார். ஆனால் இந்த அவசரம் பத்து வருஷமாக நடக்கிறது. மலாக்காவின் ஒரு பகுதியைத்தான் ஆபத்து நீங்கிய இடம் என்று முதன்முதலில் அறிவித்தார்கள். ஆபத்து நீங்கிய ஊரில் சங்கத்துக்காரனின் டெலிபோனில் காது வைக்க என்ன அவசரம்?

சொக்கலிங்கம் சொன்னதில் எனக்கு ஒன்று மட்டும் இனித்தது. பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் குடிமக்களுக்கு என்று எழுதியவர்கள், உயிருக்கும் உடலுக்கும் உள்ள காவலை மட்டும் எல்லா நபருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். குடிமகன் ஆகிறேனோ இல்லையோ, நபராக இருப்பதற்கு நான் யாரிடமும் மனுப் போடவேண்டியதில்லை.

5

போலீஸ் வந்த அன்று காலை பாக்கியம் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். வந்த மூவரில் இருவர் மலாய்க் கான்ஸ்டபிள்கள். இன்ஸ்பெக்டர் தமிழர், இங்கே பிறந்து வளர்ந்தவர். முப்பது வயதுதான் இருக்கும்.

"அண்ணே, நம்ம ஆளு நீங்க. சூசா பண்ணாம விட்டீங்கன்னா அரை மணி நேரத்துல முடிச்சிருவோம்" என்றார். சூசா என்றால் தொந்தரவு. தொந்தரவு கொடுக்க வந்தவர் அவர், கொடுக்காதே என்று கேட்டுக்கொள்வதும் அவர்.

"சூராட் இருக்கா?" என்றேன். இங்கே காகிதம், கடிதம், உத்தரவு எல்லாவற்றுக்கும் அதுதான் சொல்.

"எமர்ஜென்சிண்ணே. சூராட் வேணாம்."

"உங்களுக்கு வேணாம், எனக்கு வேணும். என்ன தேடுறீங்க?"

"ஆபீஸ் புஸ்தகத்துலேருந்து நீங்க காப்பி எடுத்து யாருக்கோ குடுக்கிறதா தகவல்."

எடுக்கவில்லை. எடுக்கும் யோசனைகூட எனக்கு வரவில்லை. இப்படி ஒரு யோசனையைத் தந்ததற்கு அவருக்குத்தான் நன்றி சொல்லவேண்டும். நான் பதில் சொல்வதற்குள் பாக்கியம் அடுப்படியிலிருந்து வந்தாள்.

"சட்டம் கெடக்கட்டும். மொதல்ல சப்பாத்தக் கழட்டச் சொல்லுங்க."

சொல்லவேண்டிய தேவை இல்லை. இரண்டு கான்ஸ்டபிள்களும் அவள் முகத்தைப் பார்த்ததுமே குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்கள். மலாய் வீடானாலும் தமிழ் வீடானாலும் செட்டி வீடானாலும், இந்த ஊரில் காலணியோடு யாரும் உள்ளே போவதில்லை. இன்ஸ்பெக்டர் கொஞ்சம் தயங்கினார். பிறகு அவரும் கழற்றினார். காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத அந்த ஒரு சட்டம் மட்டும் அன்று என் வீட்டில் முழுசாக நடைமுறைக்கு வந்தது.

கூடவே நின்றேன். அலமாரி, பெட்டி, அரிசிப் பானை, மல்லிகாவின் பள்ளிப்பை எல்லாம் கவிழ்ந்தன. ஒரு கான்ஸ்டபிள் சாமிப் படத்துக்குப் பின்னால் கைவிடப் போனபோது எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. மலாயில் கத்தினேன். நல்ல சமயத்தில் பாஷை காலை வாரிவிட்டது. குடியுரிமைக்கான மலாய்ப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்த மரியாதை வாக்கியம்தான் வாயில் வந்தது. "சிலா டுடுக்!" என்றேன். "தயவுசெய்து உட்காருங்கள்" என்று அர்த்தம். அந்த மனிதர் மிரண்டுபோய் நிஜமாகவே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இதற்குள் இன்னொருவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் அகப்பட்டது. பக்கம் பக்கமாகப் புள்ளிகள். புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து போய்த் தொடங்கிய இடத்துக்கே வரும் கோடுகள். டெலிபோன்காரன் வீட்டில் இப்படி ஒன்று கிடைத்தால் என்ன நினைப்பார்? கம்பி வரைபடம் என்று சொல்லி இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். அது பாக்கியத்தின் கோல நோட்டு. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அவள் சேர்த்துவைத்தது.

இன்ஸ்பெக்டர் புரட்டினார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பக்கத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அதை எடுத்துக்கொள்ளும் சாமான்களோடு வைத்தார்.

"தம்பி," என்றாள் பாக்கியம். குரல் கொஞ்சமும் உயரவில்லை. "ஒங்க வீட்டு வாசல்ல இது போட்டதில்லியா? ஒங்கம்மா போட்டதில்லியா?"

"மேல காட்டணும்க்கா" என்றார், அவளைப் பார்க்காமல்.

கான்ஸ்டபிள் தெரியாமல் செய்தார். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. தெரிந்து செய்த நம் ஆளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கிளம்பும்போது பட்டியல் கேட்டேன். "நாளைக்கு ஆபீசுக்கு வாங்க" என்றார். மல்லிகா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். பதினோரு வயசு. தமிழ்ப் பாடம் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தால் வயிற்றுவலி என்று எழுந்து போகிறவள். அவள் கையை விரித்து வாசலில் நின்று, கான்ஸ்டபிள்களைப் பார்த்து மலாயில் பேச ஆரம்பித்தாள். நான் இங்கே பிறந்தவள். இந்த நாட்டுக் குடிமகள். எங்கள் பொருளை எடுத்தால் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. என் அப்பா அதைத்தான் கேட்கிறார். கொடுத்துவிட்டுப் போங்கள். இவ்வளவும் மூச்சு விடாமல். மலாக்காவில் பிறந்ததால் அவளுக்குக் குடியுரிமை தானாகவே உண்டு. எங்கள் வீட்டில் அன்று அந்த உரிமையோடு நின்றவள் அவள் ஒருத்திதான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆறுமுகம் பிள்ளை சாரோங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். என்ன நடக்கிறது என்று மல்லிகாவிடம் கேட்டார். கேட்டுவிட்டு, நான் சாட்சி, எழுதும்வரை இங்கேயே நிற்கிறேன் என்று மலாயில் சொன்னார். அவர் பெண்டாட்டி, பிள்ளைகள், எதிர்வீட்டுக்காரர் என்று வேலியோரம் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் தன் சட்டைப்பையிலிருந்த குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினார். கடிதக் கட்டு ஒன்று. கையெழுத்து நோட்டு மூன்று. வரைபட நோட்டு ஒன்று. அரசியல் சட்டப் புத்தகம் ஒன்று, பழையது. ஒரு வருஷத்தில் சட்டம் பழையதாகிவிட்டது என்று ஒரு போலீஸ் அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் என்னிடம் இருக்கிறது. ஆறுமுகம் பிள்ளையும் கீழே கையெழுத்திட்டார்.

அன்று மல்லிகா பேசிய மலாய்க்கு நான் தலை வணங்கினேன். பிள்ளை கைவிட்டுப் போகிறாள் என்று இத்தனை நாள் புலம்பினவன் நான். அவள் எங்கேயும் போகவில்லை. எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

6

ஒரு வாரம் கழித்து பெனடிக்ட் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தது. "மேற்படி நம்பரில் எந்த ஜம்பரும் இருக்கவில்லை. என் கவனக்குறைவால் நாள் புத்தகத்தில் தவறாக எழுதிவிட்டேன்." கீழே என் பெயரும் ஒரு புள்ளிக் கோடும்.

எதற்கு இந்தப் பாடு என்று நினைப்பீர்கள். அந்தக் கம்பி இருந்ததற்கு உலகத்தில் இருக்கும் ஒரே எழுத்து என் இரண்டு வரிதான். நாள் புத்தகத்தின் பக்கங்களுக்கு அச்சில் எண் போட்டிருக்கும். கிழித்தால் கிழித்தது தெரியும். ஆகவே எழுதியவனே பொய் என்று எழுதித் தந்துவிட்டால் சுபம்.

கையெழுத்துப் போட்டால் நல்ல நடத்தைச் சான்று உடனே வரும், குடியுரிமை வரும். போடாவிட்டால் நான் அந்நியன். வேண்டாத அந்நியனைக் கப்பலேற்றி அனுப்ப அரசாங்கத்துக்கு அதிகாரம் இருக்கிறது. பாக்கியத்தையும் என்னோடு அனுப்பலாம். மல்லிகாவை அனுப்ப முடியாது. அவள் குடிமகள். பிள்ளை ஒரு கரையில், நாங்கள் ஒரு கரையில். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. தைரியசாலி என்று உங்களிடம் பெயர் வாங்க நான் இதை எழுதவில்லை.

"போட்டுத் தொலைங்களேன்" என்றாள் பாக்கியம். சோறு போடும்போது சொன்னாள், துணி மடிக்கும்போது சொன்னாள். "ஒரு கையெழுத்துதானே? ஆபீஸ்ல எத்தன பேரு எத்தன பொய் எழுதுறான். நீங்க அரிச்சந்திரனா?"

"கம்பி இருந்துச்சு பாக்கியம்."

"இருந்துச்சு. நான் இல்லேங்கலியே. அதுக்காக என் பிள்ளைய விட்டுட்டு நான் போய் மன்னார்குடியில ஒக்காந்திருக்கணுமா?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் பேனாவை எடுத்தால் கை வரவில்லை. அட்டை இல்லாத கம்பியை இருக்கிறது என்று எழுதவே எனக்குச் சம்பளம். இல்லை என்று எழுதினால், அதற்குப் பிறகு நான் எழுதும் எந்த வரியை யார் நம்புவது?

7

குடியுரிமை விசாரணைக்கு இருவரையும் ஒரே நாளில் கூப்பிட்டிருந்தார்கள். பாக்கியமும் தனியாக மனுப் போட்டிருந்தாள். பதிவு அதிகாரி மலாய்க்காரர், மூக்குக்கண்ணாடி போட்ட சாந்தமான மனிதர். பக்கத்து நாற்காலியில் நம் இன்ஸ்பெக்டர். மேஜைமேல் அந்தத் தட்டச்சுத் தாள்.

முதலில் மலாய்ப் பரீட்சை. என்னிடம் வேலையைப் பற்றிக் கேட்டார், தட்டுத் தடுமாறிச் சொன்னேன். பாக்கியத்திடம் சந்தையில் என்ன வாங்குவாய் என்று கேட்டார். அவள் மீன் வகைகளில் ஆரம்பித்து, எது நேற்றையது, எது இன்றையது, எவன் எடையில் ஏமாற்றுவான் என்று போய்க்கொண்டே இருந்தாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போதும் அக்கா, என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிகிறது" என்று மலாயில் சொல்லி அவள் தாளில் ஒரு குறி போட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். தட்டச்சுத் தாளை நகர்த்தினார். அவருக்கே அது பிடிக்கவில்லை என்பது விரலில் தெரிந்தது.

"இதில் கையெழுத்து இருந்தால் நல்ல நடத்தைச் சான்று வந்துவிடும் என்கிறார்கள்."

எனக்குத் தெரிந்த மலாயை எல்லாம் கூட்டிச் சேர்த்துச் சொன்னேன். "துவான், கம்பி இருந்தது. என் கையால் பிடுங்கினேன். இருந்ததை இல்லை என்று எழுதினால் என் நல்ல நடத்தை அந்த இடத்திலேயே போய்விடும். பிறகு நீங்கள் எதற்குச் சான்று தருவீர்கள்? யார் உத்தரவில் அந்தக் கம்பியைப் போட்டார்கள் என்று அவர்கள் ஒரு வரி எழுதித் தரட்டும். அதை அட்டையில் ஒட்டிவிட்டு நான் என் வரியை அடித்துவிடுகிறேன்."

அதிகாரி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் பாக்கியத்தைப் பார்த்தார். தமிழில் பேசினார்.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க. ஒங்க மனுல ஒரு கொறையும் இல்ல. ஆனா புருசன் கேஸ் நின்னா ஒங்களுதும் நின்னுரும். பிள்ள இருக்கு பாருங்க. யோசிங்க."

ஒரு வாரமாக வீட்டில் அவள் சொன்னதையே அவர் சொன்னார். அவள் தலையாட்டியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். சத்தியமாகப் போட்டிருப்பேன்.

பாக்கியம் இன்ஸ்பெக்டரின் பக்கம் திரும்பாமல், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பதிவு அதிகாரியைப் பார்த்து, மலாயில், சந்தையில் விலை படியாதபோது பேசுகிற அதே குரலில் சொன்னாள்:

"அப்படியானால் இரண்டு மனுவையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், துவான். நாங்கள் வீட்டில்தான் இருப்போம்."

எழுந்து நடந்துவிட்டாள். நான் பின்னால் ஓடினேன்.

பஸ்ஸில் அவள் கையைப் பிடிக்கப் போனேன். உதறினாள்.

"ஒங்களுக்காகச் சொல்லல. பிள்ளயக் காட்டி மிரட்டுறான். நான் சொன்னா அது என் பயம். அவன் யாரு சொல்றதுக்கு?"



இதை எழுதும் இன்றுவரை பதில் வரவில்லை. என்னை இரும்புச் சட்டத்திலிருந்து மாற்றி, மறுபடியும் கம்பம் ஏறவிட்டிருக்கிறார்கள். இந்த வயதில் முழங்கால் வலிக்கிறது. கம்பி இன்னும் அங்கே இருக்கிறதா என்று தெரியாது. என் இரண்டு வரி நாள் புத்தகத்தில் இருக்கிறது.

இப்போது ஊரிலிருந்து வருகிற தபால்கள் எல்லாம் ஓரத்தில் பிரித்துப் பசை தடவி ஒட்டி வருகின்றன. பசையும் ஒழுகித்தான் இருக்கிறது. அதற்காக நீங்கள் எழுதுவதைக் குறைத்துவிடாதீர்கள். மழை பெய்தது, மருமகள் வந்தது, கோவில் தேர் ஓடியது எல்லாவற்றையும் விரிவாக எழுதுங்கள். பிரித்துப் படிக்கிறவருக்குத் தமிழ் தெரியும். படிக்கட்டும்.

இந்தக் கட்டுரையும் அவர் கண்ணில் பட்டுத்தான் உங்களிடம் வந்து சேரும். ஆபத்து என்று தோன்றினால் பெயரை விட்டுவிட்டு வெளியிடலாம் என்று பத்திரிகை ஆசிரியர் பெருந்தன்மையாக எழுதியிருந்தார். வேண்டாம் ஐயா. முழுசாகவே போடுங்கள்.

மன்னார்குடி வை. கோவிந்தராஜு,
கஜா பெராங், மலாக்கா.